முள்ளை மறைத்த படம்

எங்கள் வீட்டில் மனுஷர்களுக்குத் தீபாவளிக்கு எண்ணெய்க் குளியல், வேனுக்கு ஆயுத பூஜைக்கு. அக்கம்பக்கத்தில் நான் இப்படிச் சொல்லித்தான் சிரிப்பேன். என் வீட்டுக்காரர் அதற்குக் கோபித்துக்கொண்டதே இல்லை. "ஆயுத பூஜைதானே முன்னாடி வருது? அப்ப முதல் குளியல் வண்டிக்குத்தான்" என்று பெருமையடித்துக்கொள்வார். அந்த வேனை என் சக்களத்தி என்று ஊரே கேலி பேசும். பேசட்டும். சக்களத்தியாக இருந்தாலும் அவளை அவர் ஒழுங்காகக் கவனித்திருந்தால் நான் இன்றைக்கு இதை எழுத வேண்டியிருக்காது.

சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மளிகைக் கடைக்கு மேலே ஒரே அறையில் குடியிருந்தோம். நானும் அவரும் இரண்டு பெண் பிள்ளைகளும். ஐம்பதுகளின் நடுவில் அவர் ஒரு பஸ் கம்பெனியில் டிரைவர். அங்கே ஒரு பழக்கம் இருந்தது. காலையில் இன்ஸ்பெக்டர் கையிலிருந்து பஸ் சாவியை வாங்கிக்கொள்ள வேண்டும், வேலை முடிந்ததும் அலுவலகச் சுவரில் உள்ள ஆணியில் மாட்டிவிட்டு வர வேண்டும். ஒரு நாள் மழையில் மாட்டிக்கொண்டு பஸ்ஸைத் தாமதமாகக் கொண்டுவந்திருக்கிறார். அந்த இன்ஸ்பெக்டர் எல்லோர் முன்னாலும் திட்டி, இவர் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிச் சாக்கடையில் வீசிவிட்டான். "இறங்கி எடுத்துக்கிட்டு வா" என்றானாம். இவர் இறங்கினார். எடுத்தார். கழுவி ஆணியில் மாட்டிவிட்டு, அத்தோடு வேலையை விட்டு வீட்டுக்கு வந்தார்.

வந்தவர் சாப்பிடவில்லை. சட்டையெல்லாம் சாக்கடை நாற்றம். "இனிமே எவன் கையிலேருந்தும் சாவி வாங்க மாட்டேன் புள்ள. செத்தாலும் வாங்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகையாக வந்தது. அந்த இன்ஸ்பெக்டர் கையில் கட்டி முளைக்க என்று சபித்தேன். அப்புறம் என் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தேன். அப்படி வந்ததுதான் அந்த வேன். வெள்ளைக்காரப் பட்டாளம் கழித்துவிட்ட பழைய வண்டி, ஏலத்தில் எடுத்தது.

அதன் சாவியை அவர் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். குளிக்கும்போதுகூட அவிழ்க்க மாட்டார். வண்டியைக் கிளப்ப வேண்டுமானால் சட்டையைத் தூக்கி, முடிச்சை அவிழ்த்து, சாவியை எடுக்க வேண்டும். "ஏங்க, ஒரு வளையத்துல போட்டுப் பாக்கெட்டுல வச்சா என்ன?" என்று கேட்டால், "இது என் சாவி" என்பார். அவ்வளவுதான் பதில். அந்த ஒரு சாவிதான் அவருக்கு மானம். அதைப் புரிந்துகொண்ட பிறகு நான் கேலி பண்ணுவதை விட்டுவிட்டேன்.

விடியும் முன்பே தேக்கா மார்க்கெட்டில் காய்கறி, தேங்காய், கீரைக்கட்டு எல்லாம் ஏற்றிக்கொண்டு வடக்கே போவார். மண்டாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்கள், செம்பவாங் கடற்படைத் தளத்துத் தொழிலாளர் குடியிருப்பு, நடுவில் கம்பம் என்று சொல்கிற வழியோரச் சிற்றூர்கள். நின்று நின்று விற்க வேண்டிய வியாபாரம். பத்து வீட்டுக்கு ஒரு தடவை நிறுத்துவார். ஆனால் எஞ்சினை நிறுத்த மாட்டார். பேட்டரி பலவீனம், நிறுத்தினால் கிளம்பாது என்ற பயம். பெண்கள் வந்து முருங்கைக்காயை முறித்துப் பார்த்துப் பேரம் பேசி முடிக்கிற வரைக்கும் அது பாட்டுக்கு நின்ற இடத்திலேயே முனகிக்கொண்டிருக்கும். அப்படி நின்றபடியே ஓடுவதுதான் எஞ்சினுக்கு விஷம் என்று பிற்பாடு தெரிந்தது. உள்ளே புகையும் ஈரமும் எண்ணெயில் கலந்து, கேப்பைக் களி மாதிரி ஒரு கறுப்புச் சேறு கட்டிக்கொள்ளுமாம். அன்றைக்கு எங்கள் யாருக்கும் அது தெரியாது.

எண்ணெய் விஷயத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே வேலை ஊற்றுவது. எஞ்சினுக்குள்ளிருந்து அளவு பார்க்கிற கம்பியை உருவுவார், கட்டைவிரலால் துடைப்பார், திரும்ப விட்டு எடுப்பார். குறைந்திருந்தால் ஒரு பீர் போத்தல் எண்ணெய். கடையில் அன்றைக்கு எது இருக்கிறதோ அது. போன வாரம் ஒன்று, இந்த வாரம் வேறொன்று. "வீட்ல நேத்து மிஞ்சின குழம்பையெல்லாம் ஒண்ணா ஊத்திச் சுண்ட வைக்கிற மாதிரி இருக்கு" என்று ஒரு நாள் சொன்னேன். "சுண்டக் குழம்புக்குத்தான் ருசி ஜாஸ்தி" என்றார். வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்லை.

பழைய எண்ணெயை முழுசாக இறக்குவது வருஷத்தில் ஒரு நாள், ஆயுத பூஜைக்கு முந்தின நாள். ஓடுகிற வண்டியில் எண்ணெய் இறக்குவது உடம்பிலிருந்து ரத்தத்தை எடுப்பது போல என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நல்ல நாள் பார்த்துத்தான் அதைச் செய்ய வேண்டும், மற்ற நாளில் தொடக் கூடாது. அன்றைக்கு எஞ்சின் பக்கத்தில் இருக்கும் இரும்புக் குவளையைத் திறந்து, உள்ளேயிருந்து கம்பளித் திண்டு ஒன்றை எடுப்பார். அதுதான் பில்டர். எண்ணெய் அதற்குள் புகுந்து அழுக்கை விட்டுவிட்டுப் போக வேண்டும். அதை ஒரு தகரச் சட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பிசைந்து கசக்கித் துவைப்பார். பிறகு சன்னலுக்கு வெளியே நீட்டிய மூங்கில் கழியில், என் சேலைக்குப் பக்கத்திலேயே காயப் போடுவார். என் கல்யாணச் சேலையின் முந்தானையில் இன்றைக்கும் அதன் கறை ஒன்று இருக்கிறது.

"புதுசு வாங்கிப் போட்டா என்னங்க?"

"துணி கிழிஞ்சாத்தானே புதுசு வாங்குவோம்? அழுக்கானா துவைப்போம்ல? இது மட்டும் என்ன ராஜா வீட்டுத் துணியா?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நானும் அப்படித்தானே குடும்பம் நடத்தினேன். எங்கள் சந்தில் வண்டி வைத்திருந்த எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒவ்வொரு சன்னல் கழியிலும் ஒரு பில்டர் தொங்கும். தெருவே மண்ணெண்ணெய் வாசனையாக இருக்கும். மறுநாள் வண்டிகளுக்கு மஞ்சள், சந்தனம், குங்குமம், மாலை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பூஜையில் வைத்த வண்டியை அன்றைக்கு யாரும் கிளப்ப மாட்டார்கள், விஜயதசமி அன்று காலையில்தான் ஓட்டம்.

வண்டியின் முன்பக்கப் பலகை நடுவில் ஒரு வட்ட மீட்டர் இருந்தது. எண்ணெய் எவ்வளவு அழுத்தத்தோடு எஞ்சினுக்குள் தள்ளப்படுகிறது என்று காட்டுகிற மீட்டர் அது. பட்டாளத்து வண்டி ஆனதால் பெரிசாக, தெளிவாக இருக்கும். வாங்கின புதிதில் வண்டி கிளம்பியதும் அதன் முள் நிமிர்ந்து நிற்கும். நாலைந்து வருஷத்தில் அது தளர ஆரம்பித்தது. நின்றுகொண்டிருக்கும்போது, அதுவும் வெயில் நேரத்தில், முள் மெல்லச் சாயும். இவர் விரலால் ஒரு சுண்டு சுண்டுவார். கொஞ்சம் எழும்பும். "முள்ளுக்குச் சோம்பேறித்தனம்" என்று சிரிப்பார். பிறகு சுண்டினாலும் எழும்பவில்லை.

ஒரு நாள் பார்த்தால் கடைக் காலண்டரிலிருந்து பிள்ளையார் படத்தை வெட்டி, சோற்றுப் பசை தடவி, நேராக அந்த மீட்டர் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஏங்க, பக்கத்துல அவ்ளோ இடம் இருக்கே? மீட்டர் மேலயா ஒட்டுறது?"

"நடுவுல இருந்தாத்தான் சாமிக்கு மரியாதை. அந்த மீட்டர் பொய் சொல்லுது புள்ள. ஓட்டும்போது பார்த்தா மனசுக்குக் கஷ்டமா இருக்கு. பிள்ளையாரைப் பார்த்தா தைரியமா இருக்கு."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் பிள்ளையார் ஆயிற்றே. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டேன். அந்த வருஷத்திலிருந்து பூஜை மாலையும் அந்தப் படத்துக்குத்தான். மாலை காய்ந்து உதிர்கிற வரை கழற்ற மாட்டார்.

அறுபதுகள் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். வியாபாரம் நன்றாக நடந்தது. "இந்த வருஷம் வண்டிக்கு நல்லதா ஏதாச்சும் செய்யணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு ஒரு சேலை கிடைக்கும் என்று நான் நினைத்தேன். பூஜைக்கு முந்தின நாள் கையில் ஒரு புது டின்னோடு வந்தார். மூடி முத்திரை உடையாத உயர்ந்த ரக எண்ணெய். "இது புது மாதிரி எண்ணெயாம். ஓடஓட எஞ்சின் உள்பக்கத்தையே கழுவிவிடுமாம், கடைக்காரன் சொன்னான்." பிள்ளைக்குப் பால் வாங்கி வந்தவர் மாதிரி முகம் மலர்ந்திருந்தது. பழைய எண்ணெயை இறக்கினார், வழக்கம்போல அதே பழைய பில்டரைத் துவைத்துக் காயப் போட்டார், டின்னுக்குக் குங்குமம் வைத்துப் புது எண்ணெயை ஊற்றினார். அத்தனை வருஷத்தில் அந்த வண்டிக்கு அவர் செய்த முதல் நல்ல காரியம் அது. அதுதான் அதைக் கொன்றது.

விஜயதசமி கழிந்து சில நாள். செம்பவாங்கில் தெரிந்தவர் வீட்டில் வளைகாப்பு என்று நானும் வேனில் ஏறிக்கொண்டேன். மண்டாய் மேட்டில் ஏறும்போது எஞ்சினில் ஒரு சத்தம். முதலில் மெல்ல, யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. "கல்லு ஏதோ மாட்டிக்கிச்சு" என்றார். தட்டல் பலத்தது. கருகல் நாற்றம் வந்தது. நான் முன்னால் பார்த்தேன். பிள்ளையார், அவர் கழுத்தில் பூஜைக்குப் போட்ட, வாடிப்போன மல்லிகை மாலை. அவ்வளவுதான் தெரிந்தது. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று நான் கத்தவும், உள்ளேயிருந்து எதுவோ இறுக்கிப் பிடித்தது போல வண்டி தானாகவே உதறி நின்றது. அவர் சாவியைத் திருப்பினார். ஒரு சின்னச் சொடுக்கு. மறுபடி திருப்பினார். அதுவும் இல்லை.

இரண்டு பக்கமும் ரப்பர் மரம். வெயில் ஏறஏறப் பின்னால் கீரைக்கட்டுகள் வதங்க ஆரம்பித்தன. அவர் இறங்கி மூடியைத் திறந்து பார்த்தார். கம்பியை உருவிப் பார்த்தார். எண்ணெய் அளவு சரியாக இருந்தது. "எண்ணெய் இருக்கே. எண்ணெய் இருக்கே புள்ள" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஒரு லாரிக்காரர் கயிறு கட்டி இழுத்துவந்து, ஜாலான் புசார் பக்கம் ஒரு சீனர் பட்டறையில் விட்டார். எஞ்சினைப் பிரித்த அன்றைக்கு நானும் கூடப் போனேன். பட்டறைச் சீனர் அதிகம் பேசாதவர். பசார் மலாயில்தான் பேசினார், மார்க்கெட்டில் பழகிய எனக்கு அது நன்றாகப் புரியும். எண்ணெய் தேங்குகிற அடித் தொட்டியைக் கழற்றித் தரையில் வைத்தார். அடியில் விரற்கடை உயரத்துக்குக் கறுப்புச் சேறு. எண்ணெயை உறிஞ்சுகிற குழாயின் வலை முழுக்க அதே சேறு அப்பியிருந்தது. பிறகு பில்டரை எடுத்து, ஒரு கையால் பிழிந்தார். விரல்களுக்கு நடுவில் களியாக வழிந்தது.

"எத்தனை தடவை கழுவினே?"

"வருஷா வருஷம்" என்றார் இவர். அப்போதும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"கழுவினா வெளி அழுக்கு போகும். உள்ள இருக்கிறது இன்னும் உள்ள போகும். இது கழுவுற சாமான் இல்ல லா, தூக்கிப் போடுற சாமான்" என்றார் சீனர். பில்டர் இருந்த இரும்புக் குவளையில் ஒரு சின்ன வால்வு இருப்பதையும் காட்டினார். பில்டர் அடைத்துக்கொண்டால் எஞ்சின் காய்ந்து சாகக் கூடாது என்று அது பக்கவழியாகத் திறந்துகொள்ளுமாம், அப்போது எண்ணெய் வடிகட்டாமலே போகும். வருஷக்கணக்கில் எங்கள் வண்டி அப்படி அழுக்கையே குடித்துத்தான் ஓடியிருக்கிறது. எண்ணெயைப் பற்றிக் கேட்டோம். "எண்ணெய் நல்லது. ரொம்ப நல்லது. அதுல சோப்பு மாதிரி மருந்து இருக்கு" என்றார்.

அதற்கு மேல் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் கொடுத்தவள் நான். இத்தனை வருஷம் வயிற்றில் சேர்த்து வைத்த அழுக்கையெல்லாம் புது எண்ணெய் ஒரேயடியாகக் கிளப்பிவிட்டது. வெளியே போக வழியில்லை. அதுவே போய் வலையை அடைத்துக்கொண்டது. பிறகு எஞ்சினுக்கு எண்ணெயே ஏறவில்லை.

சீனர் கையைத் துடைத்துக்கொண்டே கடைசியாகக் கேட்டார். "மீட்டர் இருக்குமே. முள் விழுந்திருக்குமே. பார்க்கலையா?"

இவர் வேனுக்குள் ஏறினார். காய்ந்துபோன மாலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓரமாக வைத்தார். படத்தை நகத்தால் சுரண்டினார். சோற்றுப் பசை, லேசில் வரவில்லை, துணுக்குத் துணுக்காகத்தான் வந்தது. அடியில் கண்ணாடியும், அதற்குள் கீழே படுத்துக் கிடந்த முள்ளும் தெரிந்தன. அவர் பழக்கத்தில் விரலால் ஒரு தரம் சுண்டினார். நான் வெளியே வந்துவிட்டேன். எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் நான் செய்யவில்லை.

வேறு எஞ்சின் போட எங்களுக்கு வக்கில்லை. வேன் சந்தில் பல மாதம் நின்றது. பூனை அதற்குள் குட்டி போட்டது. பிறகு சுங்கை ரோட்டுப் பழைய சாமான்காரர் ஒருவர் வந்து இரும்பு விலைக்கு எடுத்துப் போனார். சாவியை மட்டும் இவர் கொடுக்கவில்லை. அந்த ஆளும் கேட்கவில்லை, உடைக்கப்போகிற வண்டிக்குச் சாவி எதற்கு?

கொஞ்ச நாளில் அவர் மணல் லாரி ஓட்டப் போனார். முதலாளி தமிழர்தான், நல்ல மனுஷர், யாரையும் திட்டுகிறவர் இல்லை. ஆனால் அவர் லாரிக் கொட்டகையிலும் சுவரில் ஆணி இருந்தது. முதல் நாள் காலையில் இவர் அரைஞாணிலிருந்து வேன் சாவியை அவிழ்த்துச் சாமி படத்தடியில் வைத்தார். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அன்று சாயங்காலம் வந்தவரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல், "லாரி எப்படிங்க?" என்றேன்.

"அதுக்கென்ன குறைச்சல். எண்ணெய் மாத்துற தேதியைக் கதவுலயே சாக்பீஸால எழுதி வச்சிருக்கான். அழுக்கா இருந்தாலும் இல்லாட்டியும் அந்தத் தேதிக்கு எண்ணெயும் மாத்தணும், புது பில்டரும் போடணும். நல்ல நாள் கெட்ட நாள் கிடையாது."

அதற்குப் பிறகு அவர் எஞ்சின் பேச்சையே எடுக்கவில்லை. வாய்த்துடுக்கு எங்கே போனதென்று தெரியவில்லை. சாயங்காலத்தில் கள்ளுக்கடைப் பக்கம் போக ஆரம்பித்தார். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சன்னலை மூடிவிட்டுப் படுத்துக்கொள்வார், தெருவில் அந்த மண்ணெண்ணெய் வாசனை அவருக்கு ஆகவில்லை.

இப்படி நாலைந்து வருஷம் ஓடியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்காருவதை இரண்டு மூன்று தடவை பார்த்தேன். "வாயு" என்பார். பெருங்காயத் தண்ணீர் கேட்டுக் குடிப்பார். சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினேன், சண்டை போட்டேன். "போகணும்னா லீவு கேக்கணுமே" என்றார். அதைக் கேட்க அவரால் முடியவில்லை. அவரை எனக்குத் தெரியும்.

ஒரு நாள் சாயங்காலம் கொட்டகைக்குப் போகாமல் லாரியைச் சந்து முனையிலேயே நிறுத்திவிட்டு வந்தார். உடம்பு சரியில்லை, காலையில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லிப் படுத்தார். விடிந்து நான் எழுப்பியபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

அக்கம்பக்கம் கூடிவிட்டது. பிள்ளைகள் கால்மாட்டில் அழுதுகொண்டிருந்தார்கள். கீழே கடை முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதையில் ஆண்கள் பாடைக்கு மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது கொட்டகையில் கணக்கெழுதுகிற கிராணி படியேறி வந்தார். மாலை கொண்டுவந்து போட்டார், கும்பிட்டார், முதலாளி சுடுகாட்டுக்கு நேரே வந்துவிடுவார் என்று சொன்னார். பிறகும் போகாமல் கதவோரம் தயங்கி நின்றார். என்ன தம்பி என்று நானே கேட்டேன்.

"தப்பா நினைச்சுக்காதீங்க அக்கா. லாரி சாவி அண்ணன் கிட்டதான் இருக்கு. இன்னிக்கு அந்த லாரிக்கு எண்ணெய் மாத்துற தேதி. பில்டர் வாங்கி வச்சாச்சு. தேதி தாண்டக் கூடாது, அதான்..."

சட்டைப் பையில் இல்லை. தலையணை அடியிலும் இல்லை. பிறகு எனக்குப் புரிந்தது. துணியை விலக்கிப் பார்த்தேன். அரைஞாண் கயிற்றில், பழைய அதே இடத்தில், அதே முடிச்சில் லாரி சாவி இருந்தது. எப்போது முடிந்துகொண்டாரோ தெரியவில்லை. அந்த ஒரு ராத்திரிக்காவது அது தன் சாவியாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

முடிச்சு இறுகிக் கிடந்தது. என் விரலுக்கு அவிழவில்லை. கிராணி முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தார். அரைஞாண் கயிற்றைச் சுடுகாட்டில்தான் அறுப்பார்கள், வீட்டில் அறுக்க மாட்டார்கள். நான் அரிவாள்மனையை எடுத்து வரச் சொல்லி, வீட்டிலேயே அறுத்துச் சாவியைக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு இறங்கினார். கொஞ்ச நேரத்தில் சந்து முனையில் லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது. முதல் திருப்பிலேயே கிளம்பியது.